வயசான கோழிக்கு டானிக் எதுக்கு?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

மொட்டை மாடியில கோழி வளக்குறத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், மத்ததெல்லாம் ஓகே, ஆனா முட்டை ஓடு மெல்லிசா வந்தா கால்சியம் டானிக் ஊத்துங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க பாருங்க, அதுக்குதான் இந்த லெட்டர். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம்லாம் நெறைய பேர் பண்ணையில கழிச்ச லேயர் கோழிய, அதான் முட்டைக்குன்னே வளக்குற கோழிய, வெல கம்மின்னு வாங்கி விடுறாங்க, அதெல்லாம் 72 வாரம், 80 வாரம் தாண்டுனது, அதோட பிரச்சினையே வேற.

வயசாக ஆக முட்டை பெருசாகும், ஆனா ஒரு ஓட்டுக்கு கோழி எறக்குற கால்சியம் அதே 2 கிராம் சொச்சம்தான், ஒரு கரண்டி மாவ பெரிய தோசையா இழுத்தா மெல்லிசாதான வரும். போதாததுக்கு தீவனத்துல இருக்கற கால்சியத்த குடல் உறிஞ்சுறதும் கொறஞ்சிடுது. ஓடு உருவாக கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகுது, அதுல பெரும்பங்கு ராத்திரில, கோழி எதுவும் திங்காத நேரத்துல, அப்ப காலைல தண்ணில கலந்த டானிக் எங்க நிக்கும்? பத்தாத கால்சியத்த கோழி தன் எலும்புலேர்ந்துதான் எடுக்கும். அதனாலதான் சாயங்காலம் தனி கிண்ணத்துல கிளிஞ்சல் வைக்கணும், பவுடரா இல்லாம துண்டு துண்டா, அது இரைப்பையில மெதுவா கரைஞ்சு விடியற வரைக்கும் குடுத்துட்டே இருக்கும், வேணுங்கறத கோழியே பாத்து கொத்திக்கும். டானிக் பாட்டில் விக்கிற கடைக்காரரு இத சொல்ல மாட்டாரு, அது வேற விஷயம்.

இன்னொன்னு, லேயர் தீவனத்துல கால்சியம் 3.5லேர்ந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும், அதோட பழைய சோறு, குருணைன்னு அள்ளி போட்டா எல்லாம் நீத்துப் போயிடும். அதே தீவனத்த குஞ்சுக்கு போடக்கூடாது, கிட்னி போயிடும். அக்னி நட்சத்திரத்துல கோழி வாய தொறந்து இரைக்குதுல்ல, அப்ப ரத்தத்துல ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட் கொறஞ்சு ஓடு மெலிஞ்சிடும், அதுக்கு நெழலும் ஜில்லுன்னு தண்ணியும்தான் மொதல் வைத்தியம்.

வெள்ளைக்கரு தண்ணியா ஓடுறது வயசு கோளாறு, முட்டை பழசானாலும் அப்படித்தான், எந்த சப்ளிமெண்டும் கொமரியாக்கிடாது. மஞ்சக்கரு கலருக்கு கீரை, மஞ்ச சோளம் போதும், கலர வச்சு சத்த எடை போடாதீங்க. காசிமேட்டு கருவாட்டுத்தூள் சீப்பா கெடைக்குதுன்னு அள்ளி போடுறவங்க ஆம்லெட்ல மீன் வாசன வந்தா கோழிய திட்டாதீங்க.

மாதவரத்துலயே கால்நடை பல்கலைக்கழகத்தோட கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கு சார், அங்க இருக்கற ஒரு டாக்டர்கிட்ட கேட்டு எந்த வயசுக்கு எவ்ளோ தீவனம், எவ்ளோ கிளிஞ்சல்னு ஒரு பக்கம் போடுங்க, வெட்டி செவுத்துல ஒட்டி வச்சிக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை