பாப்பாவுக்கு: நீ கேட்டிருந்த கிறுக்கு யோசனைகள்

மயிலாடுதுறை,
மார்கழி 12.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கு நலம். நீ நலமாக இருக்க மயூரநாதரை வேண்டிக்கொள்கிறோம். தீபாவளிக்கு வந்திருந்தபோது, "கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, புதிய கருவி என்று மனதில் எது தோன்றினாலும் எழுதி அனுப்புங்கள் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதன்பிறகு நீ நினைவூட்டவில்லை என்றாலும், கேட்டதை எழுதி அனுப்புவது என் கடமை. தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன், நீ எடுக்கிற நேரம் எது என்று இப்போதெல்லாம் எங்களுக்குப் பிடிபடுவதில்லை. ஆகையால் கடிதம். கருவிகளைத் தவிர வேறு எதையும் இதில் நான் கேட்கப்போவதில்லை.

முதலாவது, விசில் எண்ணும் கருவி. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதில் இந்த வீட்டில் இரண்டு பேர் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை என்பது உனக்குத் தெரியும். மைக் வைத்து எண்ணலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் எதிர்வீட்டு விசிலையும் அது சேர்த்து எண்ணிவிடும். ஆகவே மைக் வேண்டாம். பழைய அலாரக் கடிகாரத்தில் கிர்ரென்று ஒலி எழுப்பும் பீசோ தகடு இருக்கிறதல்லவா, அதற்கு மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்வைக் கொடுத்தால் மின்னழுத்தத்தைத் திருப்பித் தரும். அதை அடுப்பின் காலடியில் பொருத்திவிட்டால் நம் குக்கர் அதிர்வது மட்டும்தான் அதற்குத் தெரியும். மூன்றாவது விசிலுக்கு மணி அடிக்காமல், "போதும், அடுப்பை அணை" என்று பெரியத்தையின் குரலில் அதட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். உன் காதுகுத்தின்போது பதிந்த ஒலிநாடாவில் அந்தக் குரல் இருக்கிறது. பூஞ்சை பிடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, செருப்பை எண்ணும் மிதியடி. வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்பதை எடை பார்த்துச் சமையலறைக்குச் சொல்லிவிட்டால், எத்தனை ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட வேண்டும் என்பதை வந்தவர்களைக் கேட்காமலே அம்மா முடிவு செய்யலாம். மளிகைக் கடைத் தராசில் இருக்கும் அதே எடையுணரிதான் இதற்கும். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இவற்றைக் கேட்டுச் சிரிப்பார்களே என்று நினைக்காதே. பெங்களூரிலேயே, நீ இருக்கும் ஊரிலேயே, புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளரான ஜி. ராஜ் நாராயண் 1979 இல் மின்னணுத் தம்புராவைச் செய்தார். தந்தியும் குடமும் இல்லாத ஒரு பெட்டி தம்புராவுக்குப் பதிலாக ரீங்கரிக்கும் என்று அதற்கு முந்தைய ஆண்டு யாராவது சொல்லியிருந்தால், உன் பாட்டு டீச்சர் அவரை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். பிறகு அதே டீச்சர் அந்தப் பெட்டியை என் கடைக்குப் பழுதுபார்க்கக் கொண்டுவந்து, அது திரும்பும்வரை வகுப்பையே நிறுத்தி வைத்திருந்தார். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் "தண்ணீர் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒரு பெண் குரலில் கூவும் பெட்டியும் அப்படித்தான். தண்ணீரில் தொங்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரம் சிறிதளவு பாய்ந்ததும் ஒரு டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். இன்று நம் தெருவில் அது கூவாத காலைப்பொழுது இல்லை. மார்கழி ஒலிபெருக்கியையும் மீறி அது கேட்கிறது.

ஆனால் சிரிப்பைத் தாங்கிக்கொள்கிறவர்களுக்கும் தூக்கம் வேண்டும், வேளைக்குச் சாப்பாடு வேண்டும். கௌரி நந்தா என்ற பெண், அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மாணவியாக இருந்தபோது, அலாரம் அடித்ததும் மேசையிலிருந்து குதித்துச் சக்கரங்களால் ஓடி ஒளிந்துகொள்ளும் கடிகாரத்தைச் செய்தாள். கிளாக்கி என்று பெயர். 2005 இல் அதற்குப் பொருளாதாரத்துக்கான இக் நோபல் என்னும் கேலிப் பரிசைக் கொடுத்தார்கள். அவள் அதையும் சிரித்து வாங்கிக்கொண்டு, பின்னர் சொந்த நிறுவனம் தொடங்கி அந்தக் கடிகாரத்தை விற்றாள். எனக்குத் தோன்றும் மூன்றாவது யோசனை அதற்கு நேர்மாறானது. இரவு பதினோரு மணி அடித்ததும் கைபேசியையும் மடிக்கணினியையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிப்போய், விடியும்வரை வெளியே வராத ஒரு பலகை வேண்டும். நீ வாட்ஸப்பில் கடைசியாக இருந்த நேரம் விடியற்காலை மூன்றே கால் என்று காட்டுகிறது. வேவு பார்ப்பதற்காக நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

நான்காவது யோசனை அம்மாவுடையது. ஜப்பானில் ஸோஜிருஷி நிறுவனம் 2001 இல் ஐ-பாட் என்ற வெந்நீர்க் கலயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தனியாக இருக்கும் வயதானவர் தேநீருக்கு வெந்நீர் பிடிக்கும்போதெல்லாம் கலயத்துக்குள் இருக்கும் ரேடியோக் கருவி அதைத் தெரிவித்துவிடும். தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாளைக்கு இருமுறை மின்னஞ்சல் போகும். கேமரா இல்லை, கேள்வி இல்லை. அம்மா தேநீர் குடித்தாள், ஆகவே நன்றாக இருக்கிறாள் என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள். இதைக் கேட்டதும் உன் அம்மா, "பெற்றவளைப் பார்த்துக்கொள்ளக் கலயம் செய்திருக்கிறார்கள், சரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றவளுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?" என்றாள். அப்படிப் பிறந்ததுதான் 'சாப்பிட்டாயா' தட்டு. எவர்சில்வர் தட்டின் அடியில் எடையுணரியை வைத்துவிட்டால், நீ அங்கே சாப்பிட உட்கார்ந்ததும் இங்கே சமையலறையில் ஒரு விளக்கு எரியும்.

நீ தட்டின்மேல் அகராதியை வைத்து ஏமாற்றுவாய் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் வேறு எதற்கோ அதைச் செய்தவள்தானே. அதற்கும் வழி யோசித்துவிட்டேன். சோறு என்றால் எடை கவளம் கவளமாகக் குறையும், இடையில் ரசத்துக்கு ஒருமுறை கூடும், பிறகு மோருக்கு ஒருமுறை கூடும். அகராதி அப்படிக் குறையாது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே, சாப்பிட்டது சோறா அல்லது நின்றபடி விழுங்கிய பிரெட்டா என்பதைக்கூடக் கருவி சொல்லிவிடும். கேலி ஒருபுறம் இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து உனக்கு வாங்கிவந்த முட்டைப் பொம்மை நினைவிருக்கிறதா? 1996 நவம்பரில் பண்டாய் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட தமகோச்சிதான் அது. அதைச் செய்தவர்களுக்கும் மறு ஆண்டே இக் நோபல் கிடைத்தது. மூன்றே பொத்தான்கள், குன்றிமணி அளவுக்கு ஒரு குஞ்சு. நேரத்துக்கு ஊட்டாவிட்டால் செத்துப்போகும். நீ பள்ளிக்கூடம் போனபிறகு, ஒரு கையில் தோசைக் கரண்டியும் மறு கையில் அந்த முட்டையுமாக அம்மா அதற்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் அது செத்துவிட்டது. நீ அழுவாயே என்று பின்பக்கத்துப் பொத்தானைக் குண்டூசியால் அழுத்தி, அம்மா புதுக் குஞ்சைப் பொரிக்க வைத்துவிட்டாள். நீ வந்து கையில் எடுத்த உடனேயே, "வயது பூஜ்யம் என்று காட்டுகிறதே அம்மா" என்றாய். நீ அழவே இல்லை, எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாய். அன்று நீ கேட்டது சரியான கேள்வி என்று அம்மா இப்போதும் சொல்கிறாள்.

இனி உன் குருவிக்கு வருகிறேன். அதை இந்த வீட்டுக்கு வருகிற ஒருவருக்கும் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. பால்காரர், தபால்காரர், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோருக்கும், பெங்களூரில் ஒரு குருவியின் தலையைத் தொட்டால் மாயவரத்தில் இந்தக் குருவி வாலை ஆட்டும் என்பதை விளக்கி, இதை என் மகள் மூளையில் யோசித்துக் கையால் செய்தாள் என்றும் சொல்லியிருக்கிறேன். கார்த்திகைத் தீபத்துக்குப் பிறகு அது வாலை ஆட்டவில்லை. லித்தியம் செல்லை மீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.9 வோல்ட் காட்டுகிறது. வைஃபை விளக்கும் எரிகிறது. பழுது இந்தப் பக்கம் இல்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். திறந்து பார்க்கலாம் என்றால் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறாய். பச்சை நோட்டில் முதல் பக்கத்திலேயே நான் எழுதிக் கொடுத்தது என்ன? எதையும் திருகாணி வைத்து மூடு, பசை போட்டு மூடாதே. வேலையை விட்ட செய்தியை ஒரு மாதம் கழித்துச் சொன்னதற்குக்கூட நான் இவ்வளவு வருந்தவில்லை.

உன் குருவிக்கு ஒரு முன்னோடி உண்டு. பாரிஸில் ரஃபி ஹலாஜியானும் ஒலிவியே மெவெலும் தொடங்கிய வயலெட் நிறுவனம், 2005 இல் நபஸ்டாக் என்ற முயலை வெளியிட்டது. சாண் உயரத்தில் வெள்ளைவெளேரென்று இருக்கும். வானிலை சொல்லும், மின்னஞ்சல் வந்தால் வயிற்றில் விளக்கு மின்னும். அவற்றைவிட எனக்குப் பிடித்தது காதுகள்தாம். இரண்டு முயல்களை இணைத்துவிட்டால், ஒரு வீட்டில் முயலின் காதை நீங்கள் மடித்து வைத்ததும் வேறோர் ஊரில் இருக்கும் முயலும் காதை அதேபோல் மடித்துக்கொள்ளும். அதில் தகவல் என்று ஒன்றும் கிடையாது. நினைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேறு என்ன தகவல் வேண்டும்?

அந்த நிறுவனம் 2009 இல் நொடித்துப்போனது. அதை வாங்கிய நிறுவனம், முயல்களுக்கு இடையே செய்தியைக் கடத்திவந்த சர்வர் என்னும் மையக் கணினியை 2011 இல் நிறுத்திவிட்டது. முயல்களுக்குள் ஒரு குறையும் இல்லை, மோட்டார் நன்றாக இருந்தது, விளக்கு நன்றாக இருந்தது. ஆனாலும் பேசுவதற்கு எதிர்முனையில் ஆள் இல்லாமல், விற்ற இடமெல்லாம் அவை ஊமையாகி உட்கார்ந்தன. வைத்திருந்தவர்கள் சிலர் தாங்களாகவே நிரல் எழுதி, சொந்தச் சர்வரை அமைத்துத் தங்கள் முயல்களைப் பேசவைத்தார்கள். அதன்பிறகு 2019 இல் மெவெலும் அவருடைய நண்பர்களும் பொதுமக்களிடம் பணம் திரட்டி, பழைய முயலுக்குள் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியைப் பொருத்துகிற பலகையைச் செய்து கொடுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் நொடித்த நிறுவனத்தைத் தொடங்கியவரே திரும்பி வந்து செய்த வேலை அது. அதைப் படித்தபோது அந்த மனிதரிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டாயிற்று. நிறுவனம் நொடித்ததை ஒளிக்க வேண்டிய காரியமாக அவர் நினைக்கவில்லை, பார்த்தாயா? முயலைத் திறந்து உள்ளே பலகையை மாற்ற முடிந்ததால்தான் அதுவும் நடந்தது. திருகாணி, பாப்பா, திருகாணி.

ஆகவே என் ஐந்தாவது யோசனையைக் கருவி என்று சொல்ல முடியாது. கடையை மூடியபோது கொண்டுவந்த கணினி மாடி அறையில் சும்மா கிடக்கிறது. தூசு தட்டி, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றி, இரவு பகலாக ஓடவிட்டுப் பார்த்தேன், சூடாகவில்லை. நாற்பது ஜோடிக் குருவிகளை வீடுகளுக்குக் கொடுத்திருப்பதாகத் தீபாவளிக்குச் சொன்னாய். நாற்பது குருவிகள் நாற்பது குருவிகளுக்குத் தலையைத் தொட்டேன் என்று சொல்வதற்கு இந்தக் கணினி தாராளம். இதற்காக எவருக்கும் நீ மாதா மாதம் வாடகை கட்ட வேண்டியதில்லை. குருவிகள் இணையத்தில் இந்தக் கணினியைக் கண்டுபிடிக்க மாறாத முகவரி, அதாவது நிலையான ஐ.பி. முகவரி வேண்டுமாம், விசாரித்துவிட்டேன், பெரிய செலவில்லை, என் ஓய்வூதியத்தில் தெரியாது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

நிரலைப் பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பலாம். போகிக்கு முன்பு நீயே கொண்டுவந்தால் அம்மா மகிழ்வாள். மைசூர் வண்டியில் காத்திருப்புப் பட்டியல்தான் காட்டுகிறது, தட்கலில் நான் எடுத்துவிடுகிறேன். தேதியை மட்டும் அம்மாவிடம் சொல். யார் எது கேட்டாலும் பாப்பா அப்பாவின் சர்வரைச் சரிபார்க்க வந்திருக்கிறாள் என்றே நான் சொல்லிக்கொள்கிறேன். வரும்போது குருவி உடலின் அச்சு வரைபடத்தையும் மறக்காமல் எடுத்து வா. இறக்கைக்கு அடியில் நான்கு எம்2 திருகாணிகளுக்கு இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் வாலை இரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அப்பா.