கைக்குப் போட்ட ஓட்டும் கைகட்டி நிற்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராகுல் காந்தியின் தலைமையை இப்போது குறை சொல்லும் இடதுசாரிகள் பா.ஜ.க.வுக்குத்தான் உதவுகிறார்கள், அவர்கள் எதிர்க்கட்சித் தலைமைக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற தொனியில் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் பதற்றம் புரிகிறது. மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி பத்து வருடம் காலியாகக் கிடந்து 2024இல்தான் ஆள் வந்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது சரி. விசுவாசம் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் தளி சட்டமன்றத் தொகுதிக்காரன். சட்டமன்றத்துக்கு இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கதிர் அரிவாள், நாடாளுமன்றத்துக்குக் கட்சி எதைச் சொல்கிறதோ அது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். 2004இல் கிருஷ்ணகிரியில் தி.மு.க.வின் சுகவனத்துக்காக உதயசூரியனுக்கு ஓட்டுக் கேட்டோம். 2009இல் அதே சுகவனத்தை எதிர்த்து இரட்டை இலைக்குக் கேட்டோம். அவரே ஜெயித்தார், அது வேறு கதை. 2019இலும் 2024இலும் கை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிராமங்களில் வயதானவர்கள், "ஏம்ப்பா, போன தடவை வேற சொன்னியே, இந்தத் தடவை எதுல குத்தணும்?" என்று சிரிக்காமல் கேட்பார்கள். "இவரு வந்தாத்தான் அவரு வராம இருப்பாரு" என்று சொல்லி முடிப்போம். அவர்களும் தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள். இவர்தான் இனி நம் தலைவர் என்று எந்தத் தேர்தலிலும், எந்த வாசலிலும் நாங்கள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

2024 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் தேதி கிருஷ்ணகிரியில் வெயிலில் வரிசையில் நின்று காங்கிரஸ் வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டோம். ஒரே வாரம் கழித்து, 26ஆம் தேதி, வயநாட்டில் எங்கள் கட்சியின் ஆனி ராஜாவை எதிர்த்து நின்றவர் ராகுல் காந்தி. மூன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். போட்டியிடுவது அவர் உரிமை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்றைய கேரள முதல்வர், மார்க்சிஸ்ட் கட்சியின் பினராயி விஜயனை ஏன் இன்னும் மத்திய அரசு சிறையில் போடவில்லை என்று அவர் பிரசாரத்தில் கேட்டார் பாருங்கள், அது வேறு ரகம். அன்றைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் அமலாக்கத் துறைக் காவலுக்குப் போய், திகார் சிறையில் இருந்த நேரம் அது. உங்கள் பாட்டி எங்களை ஒன்றரை வருடம் உள்ளே வைத்திருந்தார் என்று பினராயி பதில் சொன்னார். 2025 ஜூலையில் கேரளத்தில் பேசும்போது ஆர்.எஸ்.எஸ்.ஸையும் மார்க்சிஸ்ட் கட்சியையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டையும் கருத்தியல் ரீதியாக எதிர்ப்பதாகவும் ராகுல் சொன்னார். வயநாட்டில் இருக்கிற ஒரு இடதுசாரி வாக்காளர் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பாட்டி என்றதும் நெருக்கடி நிலை ஞாபகம் வருகிறது. அன்று இந்திரா காந்தியின் தலைமையை நம்பி அதை ஆதரித்தது இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. 1978இல் பட்டிண்டா மாநாட்டில் அது தவறு என்று கட்சியே சொல்ல வேண்டி வந்தது. 2004இல் நிலைமை வேறு. ஏறக்குறைய 60 இடதுசாரி எம்.பி.க்கள் காங்கிரஸ் தலைமையிலான மத்திய அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தார்கள். விடாமல் நச்சரிக்கவும் செய்தார்கள். 2005இல் நூறு நாள் வேலைச் சட்டமும் 2006இல் வன உரிமைச் சட்டமும் வந்ததில் அந்த நச்சரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அஞ்செட்டி மலைப்பக்கம் காட்டு நிலத்தை உழுகிறவர்களைக் கேளுங்கள், இரண்டாவது சட்டத்தின் அருமை தெரியும். 2008இல் அமெரிக்காவோடு போட்ட அணு ஒப்பந்தத்துக்காக ஆதரவை விலக்கியது சரியா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை ஓயவில்லை.

இந்த இடத்தில் 2016 வரும் என்று தெரியும். தி.மு.க., அ.தி.மு.க. இரண்டையும் விட்டு மக்கள் நலக் கூட்டணி என்று தனியாகப் போனோம், ஒரு இடம்கூட இல்லை. தளியும் கைவிட்டுப் போனது. 2021இல் தி.மு.க. கூட்டணிக்குள் நின்றுதான் திரும்ப எடுத்தோம். ஓட்டைச் சிதறடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டைச் சிதறடிப்பது வேறு, வாயைத் திறப்பது வேறு. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. 2019 தேர்தல் செலவுக் கணக்கில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாக தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் காட்டியிருந்தது. வங்கி வழியாக வந்ததுதான், ஒளிவுமறைவு இல்லை என்றார்கள். இருக்கட்டும். அதனால் கட்சிக்குக் கூச்சம் இருக்கலாம், மேடையில் அளந்து பேச வேண்டியிருக்கலாம். ஓட்டுப் போட்ட எனக்கு என்ன கடன்?

விசுவாசம் எப்படி வரும் என்று பார்க்க அரூர் பக்கம் போனால் போதும். 1992 ஜூனில் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்கள் ஊரில் வனத்துறையும் போலீஸும் சேர்ந்து செய்த கொடுமைக்கு 2011இல்தான் தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அத்தனை வருடமும் அந்த ஜனங்களோடு கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும். 2006இல் தி.மு.க. அணியிலும் 2011இல் அ.தி.மு.க. அணியிலும் நின்று அரூரில் ஜெயித்தவர் ஒரே ஆள், மார்க்சிஸ்ட் கட்சியின் டில்லிபாபு. அணி மாறினாலும் அந்த ஊர்க்காரர்கள் மாறவில்லை. யாரும் கட்டுரை எழுதி அவர்களிடம் விசுவாசம் கேட்கவில்லை.

அடுத்த தடவையும் கிருஷ்ணகிரியில் கை நின்றால், எதிரே யார் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு அநேகமாக அதற்கே போடுவேன். அதற்கு முன்னால், வேட்பாளர் எங்கள் ஊருக்கு வேனில் வரும்போது, வன உரிமைப் பட்டா என்ன ஆச்சு என்றும், உங்கள் தலைவர் எங்களை எந்த வரிசையில் வைத்திருக்கிறார் என்றும் கேட்பேன். அதுவும் பா.ஜ.க.வுக்குச் செய்கிற வேலை என்றால், கட்டுரையாளர் தாராளமாக எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.