செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்லக் சுடுதலும் குழலில் ஈயப் படிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவும் போட்டி விவரங்களும் தனியே இணைக்கப்பட்டுள்ளதால், இவ்வாண்டு நம் பயிற்சிக் கூடத்தில் அதிகம் பேசப்பட்ட ஒன்றையே இங்கு விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

பெல்லட் என்னும் ஈயக் குண்டிலிருந்து உருளை வடிவ ஈயக் குண்டான ஸ்லக்குக்கு மாறிய உறுப்பினர் பலரின் ஏர்கன்களில் (காற்றழுத்தத் துப்பாக்கிகளில்), தொடக்கத்தில் நெருக்கமாக விழுந்த குண்டுகள் போகப் போகச் சிதறின. ஸ்கோப் தளர்ந்திருக்கும், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கும் என்றெல்லாம் ஐயுற்ற பின், குழலைத் துடைத்த துணியில் சாம்பல் நிறக் கோடுகளும் மினுங்கும் ஈயச் செதில்களும் வந்தபோதுதான் காரணம் விளங்கியது.

இடை ஒடுங்கிய பெல்லட் தலையிலும் பின்விளிம்பிலும் மட்டுமே குழலைத் தொடுகிறது. ஸ்லக்கோ தன் உருளை உடலின் பெரும்பகுதியாலும் குழலின் உட்புறச் சுருள் வரிப்பள்ளங்களை உரசிச் செல்கிறது. ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஏர்கனில் வெடிமருந்தின் சூடான வாயு இல்லை, விரியும் காற்று குளிரவே செய்கிறது. ஆகவே இங்கு ஈயம் பெரும்பாலும் உரசலாலும் சுரண்டலாலுமே எஃகில் ஒட்டுகிறது என்பதால், குண்டுக்குப் பூசும் மசகைத் தேடுமுன் குழலைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் உறுப்பினரின் குழலில் ஸ்லக் ஒன்றை மரக்கோலால் மெல்லத் தள்ளி எடுத்தபோது, குழலுக்குள் காற்று நுழையும் காற்றுத்துளையைக் கடந்த பக்கத்தில் நகத்தால் கீறியது போன்ற வெட்டு இருந்தது. துளை விளிம்பின் பிசிறைத் தேர்ந்த பணியாளரிடம் கொடுத்து மெருகேற்றிய பின் படிவு வெகுவாகக் குறைந்தது. வாய்ப்பகுதி சற்றே ஒடுங்கிய சோக் குழல்களில் அந்த ஒடுக்கத்தை ஒட்டியே ஈயம் சேர்ந்தது. 5.5 மி.மீ. குழலுக்கு 0.217, 0.218 அங்குல விட்டங்களில் ஸ்லக்குகள் கிடைக்கின்றன. இரண்டையும் சுட்டுப் பார்த்துத் தன் குழலுக்கு இசைவதைத் தேர்வதே நல்லது.

மசகு மெல்லிய, சீரான படலமாக இருந்தால் போதும். ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் மெழுகான லேனோலினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஸ்லக்குகளை அதில் புரட்டி, ஆல்கஹால் முழுதும் ஆவியாகும் வரை உலர்த்தும் முறை நம்மிடம் நன்கு பயன்பட்டது. சொட்டச் சொட்ட எண்ணெய் இட்டால் வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். சுருள்வில்லால் காற்றை அழுத்தும் ஸ்பிரிங் பிஸ்டன் வகையில் பெட்ரோலிய எண்ணெய் அழுத்தச் சூட்டில் தீப்பற்றி வெடிக்கக்கூடும், முன்பே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் பி.சி.பி. வகையின் உயரழுத்தக் காற்றறைக்குள் அது ஒரு துளியும் போகக் கூடாது என்பதை மிகுந்த கவலையோடு வலியுறுத்துகிறேன்.

துடைக்கும்போது இயன்றவரை பின்புறத்திலிருந்து வாய் நோக்கியே இழுக்க வேண்டும். வாய் விளிம்பில் கோல் உரசினால் துல்லியம் கெடும். துடைத்த குழல் சில குண்டுகள் சென்ற பின்னரே நிலைப்படுவதால், போட்டிக்குச் சற்றுமுன் துடைப்பதைத் தவிர்க்கவும். அழுக்குத் துணிகளை மூடியுள்ள டப்பாவில் இட்டு, சோப்பால் கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

பொதுப் பயன்பாட்டுக்குக் குழல் உட்புறம் காட்டும் கேமரா ஒன்று வாங்கவும், துடைக்கும் மேசையருகே கை கழுவும் தொட்டி அமைக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்