தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஹெட்போன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தள்ளுபடி விளம்பரம் பக்கம் பக்கமாக வருகிறது, எந்த ஹெட்போன் யாருக்குச் சரிப்படும் என்றுதான் ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் வீடு அம்மாபேட்டையில், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்த (ஓபன்-பேக்) ஹெட்போன் மாட்டினால் பாட்டைவிடத் தறிதான் தெளிவாகக் கேட்கும்! ஆகவே காதை முழுக்க மூடி, பின்பக்கமும் அடைத்த ரகம்தான் எனக்கு.

முதலில் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 'எக்ஸ்ட்ரா பாஸ்' (தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் காட்டுவது) என்று ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். குத்துப்பாட்டுக்கு அமர்க்களம், ஆனால் கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மட்டும் தும் தும் என்று வீங்கி, வீணை கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

எல்லாம் கலந்து கேட்பவர்கள் ஸ்டூடியோ மானிட்டர் ரகத்தை, அதாவது ஒலிப்பதிவுக்காரர்கள் ஒலியைச் சரிபார்க்க மாட்டும் ரகத்தைப் பாருங்கள். ஆடியோ டெக்னிகாவின் எம்20எக்ஸ் மாதிரி: 40 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்), மின்தடை 47 ஓம்தான், அதனால் போனிலேயே ஓடும். 250 ஓம் சமாச்சாரத்தைப் போனில் செருகினால் முனகத்தான் செய்யும். குறையும் உண்டு. 3 மீட்டர் ஒயர், கழற்றவும் முடியாது, சேலத்து மே மாதத்தில் குஷன் வேர்த்துக் காதோடு ஒட்டிக்கொள்ளும் (ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு என்ன கவலை!). அப்புறம், போனில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் டைப்-சி டாங்கிள் (ஒயரைச் சார்ஜர் துளையில் இணைக்கும் துண்டு) செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களே, பிரிக்காத பெட்டியை நீட்டாமல், கேட்டுப் பார்க்க ஒரே ஒரு பீஸையாவது வெளியே வையுங்கள்.

ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்