சமய வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சமயத்தின் வேதத்தையும் வரலாற்றையும் படிக்கிறோம், அதை நடத்திச் செல்பவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று பார்ப்பதே இல்லை என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் சொன்னார். அதை ஏற்று, ரபிகள் எனப்படும் யூத சமய ஆசிரியர்களின் பயிற்சியை இந்த ஆண்டுக்கான பொருளாக எடுத்துக்கொண்டோம். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன.

முதல் கூட்டத்திலேயே ஒரு நல்ல கேள்வி வந்தது. ஜெப ஆலயத்தில் தொழுகை நடத்த ரபி கட்டாயமில்லை. பத்துப் பேர் கூடி, முறை தெரிந்த ஒருவர் முன்னே நின்றால் போதும். கொச்சி யூதர்கள் தங்கள் சமூகப் பெரியவர்களை வைத்தே தொழுகையை நடத்தி வந்தார்கள். அப்படியானால் ரபி எதற்கு? சட்டம் சொல்லவும் கற்பிக்கவும்தான். எதை உண்ணலாம், ஓய்வுநாளில் எதைச் செய்யலாம், துக்கம் எப்படிக் காப்பது என்ற நூல்களைக் கரைத்துக் குடித்து, ஆசிரியர் முன் தேறிப் பட்டம் வாங்குவதே பழைய முறை. சுற்றியிருப்பவர்களுக்குச் சமயம் ஓரளவு தெரிந்திருக்கும் வரை அது போதுமானதாக இருந்தது.

அது போதாமல் போன இடமாக ஜெர்மனியைப் பார்த்தோம். பழைய நெறியை மாற்றாமல் பின்பற்றும் வைதிக யூதர்கள் 1873இல் பெர்லினில் தொடங்கிய ரபி கல்லூரி 1938இல் மூடப்பட்டது. அதே நகரில் காலத்துக்கேற்ற மாற்றத்தை ஏற்கும் தாராளவாதிகளின் உயர்கல்விக் கூடம் 1942 வரை தாக்குப்பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே எஞ்சிய யூதர்கள் மிகச் சிலர். அப்புறம் 1990கள் தொடங்கி முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து குடும்பத்தினரையும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பழைய அடையாள ஆவணத்தில் இனம் என்ற இடத்தில் ‘யூதர்’ என்று எழுதியிருக்கும். ஆனால் பலர் தொழுகைப் புத்தகத்தைக் கையில் எடுத்தது கூடக் கிடையாது. ஆலயங்கள் நிறைந்தன, சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. இதைப் படித்த மாலையில் வழக்கமாக நேரத்தோடு கிளம்புகிறவர்கள் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெர்மனியின் போட்ஸ்டாமில் 1999இல் தாராளவாத ரபிகளுக்கான ஆபிரகாம் கைகர் கல்லூரி தொடங்கியது. 2006இல் டிரெஸ்டன் நகரில் அதன் முதல் மூன்று ரபிகள் பட்டம் பெற்றார்கள். 2010இல் பட்டம் பெற்ற அலினா டிரைகர் உக்ரைனின் போல்டாவாவில் பிறந்தவர். 1935இல் பட்டம் பெற்று, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்ட ரெகினா யோனாஸுக்குப் பிறகு ஜெர்மனியில் பட்டம் பெற்ற முதல் பெண் ரபி அவர்தான். ஓல்டன்பர்க்கில் பணியேற்ற அவரால், குடியேறி வந்த முதியவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேச முடிந்தது. வைதிகத் தரப்பும் பெர்லினில் கல்லூரியை மீட்டெடுத்தது. 2009இல் அங்கே தேறிய ஹங்கேரியர் ஜோல்ட் பல்லா 2021இல் ஜெர்மன் ராணுவத்தின் ரபியானார்.

இன்றைய கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது மருத்துவமனைப் பயிற்சி. அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர்கள் பலர் நோயாளிகளிடம் சென்று பேசுகிறார்கள். திரும்பி வந்து, யார் என்ன சொன்னார்கள், எங்கே மௌனம் விழுந்தது என்று நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். குழு அதை வாசித்து, ‘இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்?’ என்று கேட்கும். நம் வட்டத்திலும் இதைச் செய்து பார்த்தோம். ஓய்வுபெற்ற செவிலியரான ஓர் உறுப்பினர், பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துவந்து எழுதியதை வாசித்தார். ‘ராத்திரி தூக்கமே வரலம்மா’ என்று அந்த அம்மா சொன்னதும், அங்கிருந்த உறவினர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. யூத மரபில் துக்க வீட்டுக்குப் போகிறவர், துக்கத்தில் இருப்பவர் பேசத் தொடங்கும் வரை தாமாகப் பேசக்கூடாது என்று யூதச் சட்ட நூலான தால்முத் சொல்வதை அன்றுதான் சேர்த்துப் படித்தோம். பட்டம் பெறுவதற்கு முன்பே இதைப் பழக்கிவிடுவது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

அடுத்து உகாண்டாவின் அபயுதாயா மக்கள். செமெய் கக்குங்குலு என்ற தலைவர் 1919இல் யூத நெறியைத் தழுவியதிலிருந்து அவர்கள் கதை தொடங்குகிறது. இடி அமின் ஆட்சியில் யூத வழிபாட்டுக்கு இருந்த தடையையும் மறைவாகத் தாங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவரான கெர்ஷோம் சிசோமு லாஸ் ஏஞ்சலஸ் சென்று படித்து, 2008இல் ரபியாகத் திரும்பினார். உகாண்டாவின் எம்பாலே நகருக்கு அருகே மற்றவர்களுக்கும் கற்பிக்கத் தொடங்கினார்.

இதற்கு மாறானது சபாத் என்ற வைதிக யூத இயக்கத்தின் வழி. இளம் தம்பதியரை ஓர் ஊருக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அவர்கள் ஆயுள் முழுக்க அங்கேதான். மும்பைக்கு 2003இல் வந்து, பின்னர் நரிமன் இல்லத்தை நடத்திய கவ்ரியேல், ரிவ்கா ஹோல்ட்ஸ்பர்க் தம்பதியர் அப்படி வந்தவர்கள்தான். வழிப்போக்கர்களுக்கும் ஓய்வுநாள் உணவிட்ட அவர்கள், 2008 நவம்பர் தாக்குதலில் அந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

வெளியிலிருந்து வருபவரா, உள்ளூரிலிருந்து போய்ப் படித்துத் திரும்புபவரா என்ற விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. முடிவு எடுக்கவில்லை. என் கருத்தைப் பதிவு செய்கிறேன்: ஹோல்ட்ஸ்பர்க் தம்பதியரின் அர்ப்பணிப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சிறு சமூகங்கள் தங்கள் பிள்ளைகளில் ஒருவரை அனுப்பிப் படிக்க வைப்பதற்குத்தான் உதவி முதலில் போக வேண்டும். சிசோமு திரும்பி வந்தபோது, எந்த வீட்டில் யாருக்கு என்ன குறை என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதத்துக்குள் கட்டிவிடுங்கள். நூல் வாங்கும் கணக்கில் கையிருப்பு குறைவாக இருக்கிறது. இரவல் போன புத்தகங்கள் சில இன்னும் திரும்பவில்லை. கூடம் தந்தவர்களுக்கும், மாதாமாதம் காபி, சுண்டல் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பௌத்தத் துறவிகளின் பயிற்சியைப் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்