படைக்குள் நடந்தால் படையே விசாரிப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசிய பாதுகாப்பு அகாடமியில் 17 பெண்கள் முதல் அணியாகப் பயிற்சி முடித்ததை 2025 மே மாதம் எல்லாப் பத்திரிகைகளும் படம் போட்டுக் கொண்டாடின. சந்தோஷம்தான். அப்படிப் போகிற பெண்ணுக்கு அங்கே பாலியல் கொடுமை நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

எங்கள் கோவையில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில், ரெட்ஃபீல்ட்ஸ் விமானப்படை நிர்வாகக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த பெண் அதிகாரி, சக அதிகாரி மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். முதலில் மேலதிகாரிகளிடம்தான் போயிருக்கிறார். புகாரைக் கைவிடச் சொல்லி நெருக்கினார்கள், விமானப்படை மருத்துவமனையில் இரு விரல் சோதனை (பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று விரலை விட்டுப் பார்க்கும் அந்தக் கேவலமான சோதனை) செய்தார்கள் என்று சொல்லித்தான் கடைசியில் மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தார். அப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லை என்றார் விமானப்படைத் தளபதி. யார் சொல்வது சரி என்று சொல்ல நான் யார்? ஆனால் பரிசோதிக்கும் டாக்டருக்கும் விசாரிக்கும் அதிகாரிக்கும் மேலே இருப்பது அதே நிர்வாகம். அன்றைக்கே கோவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தால் இந்தச் சர்ச்சையே வந்திருக்காது.

குற்றம் சாட்டப்பட்டவரை போலீஸ் கைது செய்தது. சில நாளிலேயே கோர்ட் அவரை விமானப்படையிடம் ஒப்படைத்தது. சட்டப்படி அதில் தப்பும் இல்லை. பாதிக்கப்பட்டவர் படையைச் சேராதவர் என்றால்தான், சில விலக்குகள் போக, வன்கொடுமை வழக்கை ராணுவ கோர்ட் தொடக்கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டு விமானப்படைச் சட்டம். அதே வளாகத்தைக் கூட்டிப் பெருக்க வரும் பெண்ணுக்கு நடந்தால் வெளி கோர்ட், சீருடை போட்ட பெண்ணுக்கு நடந்தால் உள் கோர்ட்! இது என்ன நியாயம்?

2021 நவம்பரில் கனடா நேர் எதிர்த் திசையில் போனது. முன்னாள் நீதிபதி லூயிஸ் ஆர்பரின் பரிந்துரைப்படி, ராணுவத்தினர் மீதான பாலியல் வழக்குகளை வெளி போலீசுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த். (அவர் தந்தை வழியில் தமிழர் என்று இங்கே பெருமையாக எழுதினோம். இந்தக் காரியத்தை எழுதியதாக நினைவில்லை.) அமெரிக்காவில் 2020-இல் ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாமில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் சிப்பாய் வனெஸா கியென் கொலைக்குப் பிறகு கிளம்பிய கொதிப்பில் சட்டமே மாறியது. 2023 டிசம்பர் இறுதியிலிருந்து இத்தகைய வழக்குகளைத் தொடுப்பதா வேண்டாமா என்பது கமாண்டர் கையில் இல்லை, தனி வழக்கறிஞர் பிரிவின் கையில்.

2012 டெல்லி கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நம் நீதிபதி வர்மா கமிட்டியும் 2013-லேயே, சீருடையினர் செய்யும் பாலியல் குற்றங்களைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் கொண்டுவரச் சொன்னது. தரைப்படை, விமானப்படைச் சட்டங்களில் உள்ள 'படையைச் சேராத' என்ற நிபந்தனையை எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதுவரை, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளி மருத்துவமனையில் பரிசோதனை, பெண் கேட்டால் உடனே இடமாற்றம், இல்லாவிட்டால் எதிராளிக்கு மாற்றல். இதற்கெல்லாம் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும். அடுத்த கூட்டத்தொடரில் நம் எம்.பி.க்கள் யாராவது இதைக் கேட்பார்களா?

வாசகி,
சிங்காநல்லூர், கோவை