அரசமரத்தடியில் மகாலட்சுமி

பஜனை மடத் திருப்பணிக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

வெள்ளையடிப்பதற்காக மடத்துப் படங்களைக் கழற்றினீர்கள். அவற்றில் மூன்றைப் போன வெள்ளிக்கிழமை குளத்தங்கரை அரசமரத்தடியில் பார்த்தேன். கண்ணாடி உடைந்து கிடந்த மகாலட்சுமி எங்கள் பாட்டி கொடுத்தது. புடவைக்கு ஜரிகைத் துணி வெட்டி ஒட்டி, கழுத்துக்குச் சம்கி வைத்தது அவர்தான். ஓர் ஆடி மாதம் முழுக்க அந்த வேலையாகவே இருந்தாராம். இப்போது மழை விழுந்து, மாலை ஏந்திய யானையின் தும்பிக்கை உப்பிப்போயிருக்கிறது. கீழ் ஓரத்தில் ‘ரவி வர்மா பிரஸ்’ என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

“பழைய காலண்டர் படம்தானே” என்றாராம் உங்களில் ஒருவர். ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தார்கள். ஒரு நூல் விலகினாலும் மூக்குத்தி கன்னத்துக்குப் போய்விடும். கோயிலுக்குள் விடப்படாதவர்கள் வீட்டுக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்தது அந்தத் தாளில்தான். அச்சகம் 1972இல் தீயில் போயிற்று. இனி அடித்துத் தர ஆளில்லை. ரவி வர்மா கைப்பட வரைந்த ஓவியங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று 1979இலேயே அரசு காவல் போட்டுவிட்டது. அச்சுப் படத்துக்கு அரசமரம்தான் காவல்.

புதிதாக மாட்டியதையும் பார்த்தேன். பிளெக்ஸில் சாமி, தலைக்குப் பின்னால் சுற்றும் எல்.இ.டி. சக்கரம், காலடியில் உபயதாரர். சாமியைவிட அவர் கொஞ்சம்தான் சின்னவர். சரி, கொடுத்தவர் மனசு நோகக் கூடாது, இருக்கட்டும். எங்கள் பாட்டியும் கொடுத்தவர்தான்.

மீதிப் படங்கள் மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் சாக்குக்கு அடியில் கிடப்பதாகக் கேள்வி. தயவுசெய்து அவற்றையும் மரத்தடிக்கு அனுப்பாதீர்கள். மாட்ட இடமில்லை என்றால் கொடுத்தவர்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். சட்டத்தின் பின்பக்கம் பெயர் எழுதியிருக்கும். திருப்பிப் பார்த்தால் போதும். மரத்தடிக்கு மட்டும் வேண்டாம்.

அறைச் சாவி யாரிடம் இருக்கிறதென்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பழந்துணியோடு நானே வந்து துடைத்து எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
மகாலட்சுமி படம் கொடுத்தவரின் பேத்தி